செரங்கெட்டிக்கு அப்பா வந்தது

அம்மா இறந்த பிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்கு நடுவே தனியாக இருந்தார். போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கறேன் அம்மணி, வெச்சுரு" என்பார். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு தான்சானியாவில், அருஷா நகரத்து நூல் மில்லில் வேலை. தோப்பைப் பெரியப்பாவிடம் ஒப்படைக்கச் சொல்லி அப்பாவை அங்கே வரவழைத்தோம். வந்தும் ஜன்னலோரமாக உட்கார்ந்தே பொழுதைக் கழித்தார்.

பிப்ரவரியில் ஒரு வேன் பிடித்து மூவரும் செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குப் போனோம். யானைகள் வந்தன, ஒட்டகச்சிவிங்கிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அப்பா ஒரு "ம்" போட்டார்.

மறுநாள் காலை, புல்வெளி முழுக்க வில்டபீஸ்ட் கூட்டம். மாட்டு உடம்பு, குதிரை வால், ஆட்டுத் தாடி. வேனுக்குப் பக்கத்திலேயே ஒன்று கன்று ஈன்றது. ஈரம் காயாத கன்று எழுந்து, முன்னங்கால் மடங்கி விழுந்தது. மறுபடி முயன்று மறுபடி விழுந்தது. அப்போதுதான் டிரைவர் கை நீட்டிக் காட்டினார். புல்லுக்குள் ஒரு கழுதைப்புலி தலையைத் தாழ்த்தி வந்துகொண்டிருந்தது.

அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எந்திரி கண்ணு, எந்திரி." என் கணவரிடம் திரும்பி, "மாப்பிள்ளை, ஹாரன் அடிச்சு அந்தக் கழுதைப்புலியை முடுக்கி உடச் சொல்லுங்க" என்றார்.

"இங்க நாம குறுக்க போகக் கூடாதுங்க மாமா."

கன்று நாலு காலையும் அகட்டி நின்றது. தாய் ஓட, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஓடிக் கூட்டத்துக்குள் மறைந்தது. கழுதைப்புலி கொஞ்ச தூரம் துரத்திவிட்டு நின்றுவிட்டது.

அப்பா உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்கம்மா பார்த்திருந்தா அழுதுபோட்டிருப்பா" என்றார்.

அம்மா போனபின் அவளைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். நான்தான் அழுதேன். கல்யாணமான புதிதில் அம்மா காந்திபுரத்தில் எங்கள் ஊர் பஸ் என்று தப்பான பஸ்ஸில் ஏறி, நேர் எதிர்ப்பக்கம் துடியலூரில் போய் இறங்கிய கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கே தெரியாத கதை. டிரைவருக்கும் அதைச் சொல்லச் சொன்னார். என் கணவர் அரைகுறை சுவாஹிலியில் சொல்ல, அந்த மனிதரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று விடுதியில் தட்டில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு அப்பா கேட்டார்:

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க மாப்பிள்ளை கெளம்பறது? சிங்கம் பார்க்கோணுமில்லைங்க."