ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன்

எங்கள் நைனாவைப் போல வாட்ச்மேன் வேஷம் கட்ட தங்க வயல் மாரிகுப்பத்தில் ஆளே கிடையாது. இதை இன்றைக்கும் பந்தயம் கட்டிச் சொல்வேன். வாரம் முழுக்கச் சுரங்கத்துக்குள் பாறையைக் குடைந்துவிட்டு வந்து, வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும் உள்ளே போனதும் ஆளே மாறிவிடுவார். துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்வார். மீசையை முறுக்கிக்கொள்வார். களி கிண்டுகிற துடுப்பைத் தடியாகப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றால் போதும், சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் குழாயடியில் குடத்தைப் போட்டது போட்டபடி வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

நாங்கள் மூன்று ஆண் பிள்ளைகள். நான் கடைக்குட்டி. பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடந்து போக வேண்டும். “டேய், நில்றா!” என்று ஒரு அதட்டல் போடுவார் பாருங்கள், வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நின்றுவிடும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஓடக்கூடாது, ஓடினால் அப்போதே திருடன். கை இரண்டும் வெளியே தெரிய வேண்டும். சிரிக்கக் கூடாது. வாட்ச்மேன் முகத்தை முறைக்கவும் கூடாது, தரையைப் பார்த்து முழிக்கவும் கூடாது. அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்க்க வேண்டும். பேர், வகுப்பு, எந்த லைன், அப்பாவின் வேலை நம்பர், எல்லாவற்றையும் திக்காமல் சொல்லிக் கடைசியில் ஒரு ‘சார்’ போட வேண்டும்.

பிறகு சோதனை. துடுப்பால் முகவாயை நிமிர்த்துவார். தலைமுடிக்குள் விரலை விட்டுத் துழாவுவார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளைத் தடவுவார். “வாயத் தொற. நாக்கத் தூக்கு” என்பார். நாக்குக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலை எங்கள் சட்டையிலேயே துடைப்பார். கடைசி ஆளான என்னை முடித்ததும், என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து, அலுத்துப்போன குரலில், “அடுத்தாளு!” என்பார். எனக்குப் பின்னால் ஈ காக்கை இருக்காது. அந்த இடத்தில்தான் பெண்களும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆம்பிளைகள் மட்டும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கூத்தெல்லாம் சும்மா இல்லை. தங்கம் எடுக்கிற ஊரில் லைன் பையன் என்றாலே ஒரு சந்தேகம் உண்டு. அடுத்த லைனில் ஒருவன் கம்பெனி வாட்ச்மேனைக் கண்டு ஓடினான். அவன் மடியில் இருந்தது யார் தோட்டத்திலோ பறித்த மாங்காய். அது மாங்காய்தான் என்று தெரிவதற்குள் அவனுக்குக் கை முறிந்துவிட்டது, அவன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் எங்கே போய்ப் படிப்பது?

பெரியண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைக் கீழே போட்டுவிட்டு, “நான் இன்னா தப்பு பண்ணேன், எதுக்கு நைனா நிக்கணும்?” என்று கத்தினான்.

தலைப்பாகையோடேயே நைனா சொன்னார்: “வூடு வந்து சேர்றதுக்குடா. ரோசத்த ரோட்ல காட்டாத. பரிச்சையில காட்டு.”

அம்மாவின் பங்கு ஊசி நூல். தீபாவளிக்குப் புது டவுசர் வந்தால், மஞ்சள் வைப்பதற்கு முன்னால் இரண்டு பாக்கெட்டையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். “பாக்கெட்டு இருந்தா கை போவும். கை போனா வாட்ச்மேன் கண்ணு வரும்” என்பாள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் தன் பிள்ளைகள் ஒருத்தன்கூடக் கால் வைக்கக் கூடாது என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ‘பாக்கெட்டில்லாத பசங்க’ என்று பேர். அய்யோ, அந்த மானக்கேட்டை என்னவென்று சொல்வேன்! கோலி விளையாடினால் ஜெயித்த கோலியை வைக்க இடம் கிடையாது.

அஞ்சாவது படிக்கும்போது கணக்கில் முதலாவதாக வந்தேன். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, சிவப்பு நாடா கட்டிய ஒரு மெடலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மஞ்சளாக மின்னியது. தங்க வயலில், அதுவும் கணக்கில் முதல் பரிசு. தங்கமாகத்தானே இருக்கும்? அம்மாவின் தாலிக்குண்டைத் தவிரத் தங்கத்தைத் தொட்டுப் பார்த்தறியாத எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாக்கெட்டில் வைக்கலாமென்றால் பாக்கெட் ஏது? கழுத்திலேயே போட்டுக்கொண்டு நடந்தேன்.

கூட வந்தவன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகன். என் சிநேகிதன். அவனுக்குச் செருப்பு உண்டு, பாக்கெட் உண்டு. பாக்கெட் நிறையக் கோலியும், தங்கக் கல்லை அரைக்கிற மில்லுக்கு அந்தப் பக்கம் பொறுக்கிய பளபளக்கிற கற்களும் புடைத்துக்கொண்டிருந்தன. மில் வேலியோரம் வந்தபோது, “டேய், நில்றா!”

இரண்டு பேரும் நின்றோம். வாட்ச்மேன் அவனைப் பார்த்து, “நீ போ தம்பி” என்றார். என்னைப் போகச் சொல்லவில்லை. செருப்பைப் பார்த்தாரோ, என் கறுப்பைப் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

“கழுத்துல இன்னாடா அது?”

“மெடல் சார். கணக்குல பஸ்ட் சார். அஞ்சாங்கிளாஸ் சார்.”

“லைன் பையன் கணக்குல பஸ்ட்டா? எங்கடா தூக்கின?”

நைனாவின் வேலை, வீடு, அண்ணன்களின் படிப்பு எல்லாம் என் கழுத்தில் அந்த நாடாவில் தொங்குகிறது என்று அஞ்சாவது படிக்கிற எனக்கே தெரிந்தது. கையை வெளியே வைத்துக்கொண்டு இரண்டாவது பொத்தானைத் தேடினேன். பாவி மனுஷன் சட்டையில் இரண்டாவது பொத்தானே இல்லை! அது இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு பேர், லைன், நைனாவின் நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவர் மெடலை நகத்தால் சுரண்டினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். கடித்தும் பார்த்துவிட்டு, “சீ, பித்தள” என்று துப்பினார். அவருக்கும் ஏமாற்றம், எனக்கும் ஏமாற்றம். சிநேகிதன் தூரத்தில் மரத்தடியில் பாக்கெட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றான்.

அதோடு விடவில்லை. தடியால் முகவாயை நிமிர்த்தினார். தலைமுடியைத் துழாவினார். தைத்திருந்த பாக்கெட்டைத் தடவிப் பார்த்து ஒரு கணம் முழித்தார். “வாயத் தொற. நாக்கத் தூக்கு.” புகையிலை நாற்றம் அடித்த விரல் உள்ளே வந்து போனது, என் சட்டையில் துடைத்துக்கொண்டது. எனக்குப் பயம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. அடேயப்பா, நைனா ஒன்றைக்கூட விடவில்லையே! கடைசியில் அவர் என் தலைக்கு மேலே பார்த்து, “அடுத்தாளு!” என்றபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஓடாமல், முனை திரும்பும் வரை நடந்தேன். திரும்பியதும் பிடித்தேன் ஓட்டம்.

நைனா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து வந்ததும் யாரிடமும் பேசாமல் முதலில் அதைத்தான் செய்வார். சுரங்கத்துத் தூசி என்று நினைத்திருந்தோம். அம்மா மெடலை முந்தானையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நைனா! வாட்ச்மேன் புட்ச்சிகினாரு! நீ பண்ற மாறியே பண்ணாரு நைனா! வாயில வெரல் வுட்டது, சட்டையில தொடச்சது, ‘அடுத்தாளு’ சொன்னது, எல்லாம்! ஆனா நீதான் நைனா இன்னும் சூப்பரா பண்ற!”

நைனா சொம்பில் தண்ணீர் மொண்டு என்னிடம் கொடுத்தார். “கொப்ளி” என்றார். கொப்பளித்தேன். “இன்னொரு தபா.” மறுபடி கொப்பளித்தேன். அவரே ஆணி அடித்து மெடலைச் சுவரில் மாட்டினார். எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் துண்டையும் துடுப்பையும் எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, “இனிமே ஆட்டம் இல்லடா. நீ தேறிட்ட” என்று சொல்லிவிட்டார். துடுப்பு அம்மாவின் களிப்பானைக்குத் திரும்பிப் போனது.

பெரியண்ணன் வக்கீலானான். ரோசத்தைக் கோர்ட்டில் காட்டினான். நடு அண்ணனுக்கு ரயில்வேயில் வேலை. நான் கணக்கு வாத்தியார். மூன்று பேரில் ஒருத்தனும் கேஜில் கால் வைக்கவில்லை என்பதை அம்மா கடைசி வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் மெடல் வாங்கிய அன்றைக்கு எனக்கு நைனாவின் நடிப்புதான் பெருமை. கேஜிலிருந்து மேலே வருகிற ஒவ்வொருவரும் வரிசையில் நின்று வாட்ச்மேனிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும் என்பதோ, ‘அடுத்தாளு’ என்றதும் தினமும் முன்னால் போய் நிற்பவர்களில் நைனாவும் ஒருவர் என்பதோ எனக்குத் தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மார்தட்டிக்கொண்டேன். அந்த வாட்ச்மேன் என்றைக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, எங்கள் நைனாவைப் பார்த்துத்தான் அதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன்.