அத்தையின் லாரிக்கு ஒரு மதர்போர்டு

அத்தை, அதாவது என் மாமியார், நிஜத்தில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வீட்டோடு இருந்த மாதங்களில், என் கணவர் தன் கேமிங் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். மேசைமேல் ஸ்டியரிங், காலடியில் பெடல். அதிலிருந்து மத்தியான வேளைகளில் எங்கள் செகந்திராபாத் வீட்டின் பின்னறையில் ஐரோப்பாவின் சாலைகள் ஓடத் தொடங்கின.

ஒருநாள் கம்ப்யூட்டர் எழவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். கணவர் வேலையாகப் புனே போயிருந்தார். பழுது பார்க்க வந்தவர் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துவிட்டு, மதர்போர்டுதான் போய்விட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

"லாரியைக் கப்பல்ல ஏத்தப் போற வழியில, மலை ரோட்டுல நிறுத்தி வெச்சிருக்கேம்மா," என்றார் அத்தை, சாப்பிடும்போது. "அங்க பனி கொட்டிட்டே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மாதாப்பூரில் ஆபீஸ் முடிந்து மெட்ரோவில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பேகம்பேட் தாண்டியதும் ஜன்னலில் நீர் வழிந்து, கீழே வண்டி விளக்குகள் கரைந்து மிதந்தன. அவற்றின் நடுவே, கூரையில் பனி ஏறிய லாரி ஒன்று ஆளில்லாமல் நிற்பதுபோல எனக்கும் தோன்றியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் இறங்க மறந்து உப்பல்வரை போய்த் திரும்பினேன்.

சனிக்கிழமை இருவரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் காட்டிய போர்டில் வண்ண விளக்குகள் வழுக்கி ஓடின. ஆனால் அது புதுத் தலைமுறை. எங்கள் ப்ராசசர் அதில் உட்காராது, மெமரியையும் மாற்றவேண்டும். எனக்கு அதன்மேல்தான் கண்.

"நல்லா இருக்கு, அத்தை. இதையே வாங்கிடலாமே?"

"நக்கோ," என்று ஹைதராபாத் பாணியில் வேண்டாமெனக் கையசைத்தார் அத்தை. "நல்லா இருக்கிறதை எதுக்குத் தூக்கிப் போடணும்?"

பழைய ப்ராசசருக்குப் பொருந்தும் போர்டுகள் இரண்டே இருந்தன. சின்னதில் மெமரிக்கு இரண்டு இடம்தான். எங்களிடம் இருந்ததோ நான்கு. அத்தை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டையும் திருப்பி, பின்பக்கத்து யூஎஸ்பி துளைகளைத் தடவிப் பார்த்தார்.

"இதுல ஸ்டியரிங்கைச் சொருகினா மத்ததுக்கு இடம் இருக்கா, பாய்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

கடைக்காரர் போர்டை விட்டு அவரைப் பார்த்தார். "கேம் ஆடறது நீங்களா, அம்மா?"

"ஹவ்," என்று ஆமோதித்துத் தலையாட்டினார் அத்தை.

கடைக்காரர் துளைகள் அதிகமுள்ள பெரியதை அட்டைப்பெட்டியோடு எங்கள் பக்கம் தள்ளினார். அங்கேயே பொருத்தித் தந்தார். திரையில் முதல் எழுத்துகள் வந்தபோது, புதுப் போர்டில் இன்னும் அமைக்காத தேதி என்றோ கழிந்துபோன ஒரு வருடத்தைக் காட்டியது. கடை இரைச்சல் ஒரு நொடி எங்கோ தூரத்தில் கேட்டது. கடைக்காரர் தேதியைச் சரிசெய்தார்.

ஞாயிறு காலை துணி மடிக்கப் பின்னறைக்குப் போனேன். லாரி மலையிறங்கிக்கொண்டிருந்தது. வைப்பர் மெல்லப் பனியை ஒதுக்கியது.

"நீ கொஞ்ச நேரம் பிடிக்கிறியா?" என்று அத்தை நாற்காலியை விட்டு எழுந்தார்.

எனக்கும் ஓட்டத் தெரியாது. முதல் வளைவிலேயே ஓரக் கம்பியில் உரசினேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ரோடு நேரானது. பனி மெலிந்து, மரங்கள் விலகி, வெளிர்நீலமாகக் கடல் தெரிந்தது.

"மெதுவா போ," என்றார் அத்தை. "கப்பல் நமக்காக நிக்கும்."