வெர்னா பனியாறு பார்க்கப் போனது

சூவர்ட் ஊரில் வெர்னாவைத் தெரியாத பிள்ளை கிடையாது. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அலாஸ்கா குளிரில் சாலையெல்லாம் உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. கோடை லீவு விட்ட மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு பனியாற்றைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். பனி கண்ணில் பட்டால்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பாள். வருஷா வருஷம் பனி உருகிப் பின்வாங்கப் பின்வாங்க, அவள் சாப்பிடும் இடமும் மேலே போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருந்தது. சைக்கிள் ஓட்டலாம், மேட்டில் அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. வழக்கம்போலத் துணைக்குப் பக்கத்து வீட்டு ஜூனி, நான்தான்.

வளைவுக்கு வளைவு கரடிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே போவோம். திடீரென்று எதிரில் போய் நின்றால் அதற்குக் கோபம் வரும். வெர்னா அதனிடம் ஊர்க்கதையே பேசுவாள்.

"கரடியாரே, வழி விடுங்க! பின்னால ஜூனி வர்றா, ரெண்டு நாளா குளிக்கல, கடிச்சிராதீங்க!"

"உன் வாய்க்குப் பயந்தே அது காட்டை விட்டு ஓடியிருக்கும்டி" என்றேன்.

சாலை முடிவில் சைக்கிள்களை நிறுத்திவிட்டு, போன வருஷம் உட்கார்ந்த பாறைக்குப் போனோம். அங்கிருந்து வெறும் கல்தான் தெரிந்தது. பனி மலைத் திருப்பத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டது. பார்க்க வேண்டுமானால் இன்னும் அரை மைல் ஏற வேண்டும்.

"திரும்பிடலாம் வெர்னா."

"பசிக்குதுடி. பனியைப் பாக்காம எப்படித் திங்கறது?" என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது வளைவில்தான் கவனித்தேன், அவள் கரடியைக் கூப்பிடவில்லை. திரும்பினால், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு நானே கத்தினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பனி தெரிந்தது. ஓரமெல்லாம் அழுக்கு, நடுவில் நல்ல நீலம். வெர்னா பொட்டலத்தைப் பிரித்து, சால்மன் மீன் வைத்த ரொட்டியில் பெரிய பாதியை எனக்குத் தந்தாள்.

"அடுத்த வருஷம் இன்னும் மேல போயிரும் ஜூனி. என்னால இதுக்கு மேல ஆகாது. நீ வந்து பாத்துட்டுச் சொல்லு, போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எதுக்குடி தனியா வரணும்? பனி எங்க வேணா போகட்டும், எனக்கென்ன? முப்பது வருஷமா நான் வர்றது உன்கூட உக்காந்து திங்கத்தான்!"

வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள்.

"அப்ப நாளைக்குக் காலையிலேயே வா. அடுத்த வருஷத்துக்கு இப்பவே படியேறிப் பழகணும்" என்றாள்.