மஞ்சள் கரடியும் ஈப்போ மாற்றலும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மஞ்சள் கரடி பொம்மையை ஜெயித்தேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை.

சொல்கிறேன். கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, மெதுவாகவே சொல்கிறேன்.

ஆபீஸில் எனக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்தது… வேண்டாம் என்றால் மறுபடியும் கேட்கமாட்டார்கள். என் மனைவி சரோஜாவுக்கு இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. போன வருஷம்தான் லைன் லீடர் ஆக்கினார்கள். அவளுக்குப் பினாங்கை விட்டு நகர விருப்பமில்லை. மகள் படிப்புக்காகக் கோலாலம்பூர் போய்விட்டாள். ஆக, முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள்? சண்டை போடுவார்கள், சாப்பிடாமல் படுப்பார்கள், அண்ணன் தம்பியைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் வேறு பழக்கம். நாங்கள் போய் பின்பால் விளையாடுவோம்.

சிரிக்காதீர்கள்! கல்யாணமான புதிதில், முதலில் ஃபிரிட்ஜ் வாங்குவதா, டிவி வாங்குவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோம். ஒரு சாயங்காலம் பினாங்கு ரோட்டில் நல்ல மழை. ஒதுங்கிய இடம் மாடியில் ஒரு கேம்ஸ் சென்டர். சும்மா நிற்பானேன் என்று சரோஜா அங்கிருந்த பின்பால் மிஷினைக் காட்டிச் சொன்னாள்: "வாங்க, இதுல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க சொல்றதுதான்."

அவள் கேட்ட ஃபிரிட்ஜ் வந்தது.

பின்பால் தெரியுமில்லையா? கண்ணாடிக்குக் கீழே ஓர் இரும்புக் குண்டு உருண்டு வரும். இரண்டு பக்கமும் பட்டன். அழுத்தினால் உள்ளே இருக்கும் இரண்டு சின்னத் துடுப்புகள் குண்டை மேலே அடிக்கும். குண்டு ஓட்டையில் விழாதவரை ஆட்டம். சரோஜா மிஷினைக் கையால் லேசாகத் தட்டி, குண்டைத் திசை திருப்புவாள். அதே தட்டை நான் தட்டினால் மிஷின் கோபித்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடும். பலமாகத் தட்டினால் ஆட்டம் ரத்து!

எங்கள் சட்டம் ரொம்ப எளிது. ஆளுக்கு ஓர் ஆட்டம். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஜெயித்தவர் குத்திக்காட்டக் கூடாது. முக்கியமாக, காரணம் கேட்கக் கூடாது. டத்தோ கிராமாட்டில் வீடு பார்த்தது, மகளைப் பரதநாட்டியத்துக்கு அனுப்பியது, என் தம்பியை எங்களோடு தங்கவைத்தது – எல்லாமே அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முடிவானவை. பெரும்பாலும் அவள் பக்கம்தான். நான் ஜெயித்தது என் தம்பி விஷயத்திலும் மகளுக்குப் பெயர் வைத்ததிலும். மற்றதில் எல்லாம் தோற்றுவிட்டு, கீழே வந்து அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, சந்தோஷமாகவே வீடு திரும்பியிருக்கிறேன். என் கை எப்படி ஆடியது என்று எனக்கே தெரியுமே, யாரைக் குறை சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். ரொம்ப நாளாகப் போகவில்லை. மாடி ஏறினால்… இடமே மாறிப் போயிருந்தது. பின்பால் இருந்த மூலையில் வட்டவட்டமாக விளக்கு வைத்த மிஷின்கள். குறிபார்த்துச் சுடும் மிஷினும் இல்லை, கூடைக்குள் பந்து போடும் மிஷினும் இல்லை.

கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். வழக்கமாக இருக்கும் மாணிக்கம் அண்ணன்தான். எங்கள் ஊர் ‘லா’ போடாமல் அவருக்குப் பேச வராது.

"அதெல்லாம் தூக்கிட்டாங்க லா. கை பழகின ஆளு வந்தா ஒரு டோக்கனப் போட்டுட்டு அரை மணி நேரம் ஆடுறான். முதலாளிக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? இது பாருங்க தம்பி, டக்குனு முடிஞ்சிரும். ஒண்ணுமே தெரிஞ்சிருக்க வேணாம்!"

கடைசி வாக்கியத்தை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை நான் மேனேஜருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரோஜாவும், "வந்தது வந்துட்டோம், இதுலயே பார்ப்போம்" என்றாள்.

டோக்கன் போட்டால் விளக்கு வட்டத்தில் ஓடும். பட்டனை அழுத்தினால் நிற்கும். நிற்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி டிக்கெட் வரும், அதைக் கொடுத்துப் பரிசு வாங்கலாம். சரோஜா விளக்கையே உற்றுப் பார்த்து, சரியாக அழுத்தினாள். அது அவள் நிறுத்திய இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் ஓடி, தனக்குப் பிடித்த இடத்தில் நின்றது. வந்தது ஒரே ஒரு டிக்கெட்.

நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அழுத்தினேன். மிஷின் பாட்டுப் பாடியது, டிக்கெட் நாக்கை நீட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. மாணிக்கம் அண்ணன் கைதட்டி, மஞ்சள் கரடியை எடுத்துக் கொடுத்தார்.

சரோஜா கரடியை வாங்கி இடுக்கிக்கொண்டாள். கீழே வந்து, சட்டப்படி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸில் மடியில் கரடியை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுறேங்க, வேலைய விடுறேன்னு."

அழவில்லை, முகம் கோணவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் சொல்லிவிட்டேன். "சரோ, அது செல்லாது. நான் ஆடவே இல்ல. மிஷினுதான் ஆடுச்சு."

"நான் ஜெயிச்சப்பல்லாம் என்னைக்காவது நீங்க செல்லாதுன்னு சொன்னீங்களா? நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

"அதுல நீ ஜெயிச்ச. இதுல யாரு ஜெயிச்சா?"

அவள் கரடியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம், உட்கார்ந்து பேசி ஒரு முடிவெடுத்துப் பழக்கமில்லை!

கடைசியில், சட்டத்தை மீறி நான்தான் கேட்டேன். "உனக்கு ஏன் ஈப்போ வேணாம்?"

விரலை நீவிக்கொண்டே சொன்னாள்.

"இங்க எல்லாரும் என்னை சரோஜா அக்கானு கூப்பிடுறாங்க. மலாய்ப் பிள்ளைங்ககூட அவங்க பாஷையில காக் சரோஜானுதான் கூப்பிடுது. லைன்ல மிஷின் நின்னா மொதல்ல என்னைத்தான் தேடுவாங்க. ஈப்போவுல நான் யாருங்க? உங்க சம்சாரம். அவ்வளவுதான லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர்ப் பாசம், அக்கம்பக்கத்துச் சிநேகிதம், கோயில் என்று நானாக ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? முக்கால்வாசித் தடவை அவள் ஜெயித்துவிட்டாள், நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

"உங்களுக்கு ஏன் போகணும்?" என்று அவள் கேட்டாள்.

யோசித்தேன். சம்பளம் கொஞ்சம் கூடும். நாற்காலி கொஞ்சம் பெரிசு. அவள் சொன்னதற்கு எதிரில் வைக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. ஆசை இல்லாமலும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பேசி முடிவெடுப்பது இவ்வளவு அசதியான வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்பாலில் தோற்றால் கை மட்டும்தான் வலிக்கும். இனிமேல் மாடி மாடியாக அந்த விளக்கு மிஷின்கள்தான் வரப்போகின்றன. முதலாளிகளுக்கு லாபம், இருக்கட்டும். ஒன்றும் தெரியாமல் ஜெயிக்கிறவனும் ஒன்றும் செய்யாமல் தோற்கிறவனும் வீட்டுக்குப் போய் என்ன பேசிக்கொள்வார்கள் என்றுதான் எனக்குக் கவலை.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போய், ஈப்போ வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் லா? நல்ல சான்ஸ் ஆச்சே!"

"கேம்ல தோத்துட்டேன் சார்."

பழக்கதோஷம்… வாயில் அதுதான் வந்தது.