கடுக்காய் மூட்டையோடு மண்ணடிக்கு

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பி, சென்னையின் துறைமுகப் பக்கத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? தாராளமாக முடியும், இருநூற்று நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் நான் முதல்முறை போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆனது. இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்த வருஷம், புரட்டாசி மாதம்.

அப்போது கள்ளக்குறிச்சியில் மலைச்சரக்குக் கடையில் வேலை பார்த்தேன். கூட வந்தவர் கல்வராயன் மலைக்காரரான காளியம்மாக்கா. மகளை எங்கள் ஊரில் விடுதியில் விட்டுப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அவர் பொறுக்கிக் காயவைத்த கடுக்காய் அவ்வளவும் விலை போகாமல் கிடந்தது. ஐப்பசி மழை வந்தால் பூஞ்சை பிடித்துவிடும், மகள் படிப்பும் நின்றுவிடும். தோல் பதனிடக் கடுக்காயைக் கப்பலில் அனுப்பும் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய மண்ணடியின் வியாபாரி ஒருவர், சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் மாதிரி வந்தால் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எட்டு கிலோ மூட்டையில், பெரிய காய்களாகப் பார்த்து மேலே அடுக்கியவன் நான். கெட்டிக்காரன் என்று நினைப்பு!

வெள்ளிக்கிழமை காலை 5.15 பேருந்து, டிக்கெட் பதினெட்டு ரூபாய். எலவனாசூர்கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் சாலையின் குறுக்கே புளியமரங்கள் வெட்டிக் கிடந்தன.

"பஸ்ஸு போவாதுங்க. எங்க புள்ளைங்க படிப்புக்குத்தான் நிக்கிறோம்," என்றார் மறித்து நின்றவர்களில் ஒருவர்.

"எம் பொண்ணு படிப்புக்குத்தான் நானும் போறேன்," என்றார் காளியம்மாக்கா.

மறித்தவரே மூட்டையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவைத்தார்.

ரயில் ஓடுகிறதாகக் கேள்வி. உளுந்தூர்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் நடை. பாதியில் எனக்குத் தோள் விட்டுப்போயிற்று. அடியில் இருக்கும் சின்னக் காய்களைக் கொட்டிவிடலாம் என்றேன்.

"மேல நீ அடுக்குனயே, அத்தக் கொட்டு தம்பி."

சுருக்கென்றது. கொட்டினேன். மனசு கேட்காமல் ஒரு பெரிய காயை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றிரவு ரயிலைப் பிடித்துச் சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, 9.40க்கு மண்ணடி. இயற்கையாகத் துறைமுகமே அமையாத ஊர் இது. கப்பல் தூரத்தில் நிற்க, படகுக்காரர்கள் அலையோடு மல்லுக்கட்டிச் சரக்கு ஏற்றியிருக்கிறார்கள். பிறகுதான் கடலுக்குள் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டினார்கள். ஒரே கடை வாசலில் தமிழ், தெலுங்கு, உருது, குஜராத்தி எல்லாம் காதில் விழுந்தன. நடுவே எங்கள் ஊர் 'இன்னா'வும் கேட்டதும் எனக்குக் கூச்சம் போய்விட்டது.

"இன்னாம்மா, மரத்தெல்லாம் தாண்டிக்கினு வந்துட்டியா?" என்றபடியே வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டார். ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டார். கனமான காய்தான் மூழ்கும். அத்தனையும் அடியில் போய் உட்கார்ந்தன. நான் சும்மா இருந்திருக்கலாம். "இதையும் பாருங்க" என்று பையிலிருந்ததைப் போட்டேன். மிதந்தது.

"பொக்கு," என்று சிரித்தார். "மத்ததெல்லாம் அனுப்பும்மா, எடுத்துக்குறேன்." காளியம்மாக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் போனால் வேலை நாளில் போங்கள், ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். எழும்பூரிலிருந்து நாலு கிலோமீட்டர், நடந்தே போகலாம். அப்படியே கடற்கரைக்கும் போய்விடுங்கள்.

நாங்களும் அன்று போனோம். தூரத்தில் நின்றதில் பெரிய கப்பலாகக் காட்டி, "இதுலதான் நம்ம சரக்கு போவும்க்கா" என்று அளந்துவிட்டேன்.

காளியம்மாக்கா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அது மெதக்குது தம்பி. தண்ணில நல்லா அமுந்தி நிக்குது பாரு, அத்தக் காட்டு."