யேசுதாசனை மூன்று பேர் கூப்பிட்டார்கள்

சானடோரியம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நான் ஆறு வருஷமாக வேலை செய்கிறேன். வருகிறவர்கள் எந்தத் தாளை நீட்டுகிறார்கள் என்பதை வைத்தே அவர்கள் வீட்டு நிலவரம் ஓரளவு தெரிந்துவிடும். மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரிலிருந்து நோகாமல் உருவிக் கொடுப்பவர் வேலை தேடுகிறார். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் மூன்றையும் சேர்த்து வைப்பவருக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் போட கம்பெனியில் பாஸ்புக் கேட்பார்கள். மார்க் ஷீட் தினமும் வரும். பாஸ்புக் வாரத்துக்கு ஒன்று வந்தாலே பெரிது.

யேசுதாசன் சார் முதல் தடவை வந்தபோது கையில் ஒரு தாளும் இல்லை.

"பயோடேட்டா அடிச்சுத் தருவீங்களாம்மா?"

"பழசு இருந்தா குடுங்க சார். பாத்து அடிச்சிடறேன்."

"இருந்ததே இல்லம்மா. எங்க மாமா கூட்டிகினு போய் கம்பெனி கேட்டாண்ட நிக்க வெச்சாரு. நாளைலருந்து வான்னாங்க. போய்ட்டேன்."

அப்படிப் போனவர் இருபத்து நான்கு வருஷம் அங்கேயே இருந்தார். மறைமலை நகர் பக்கம், கார் சீட்டுக்கு இரும்புச் சாமான் செய்யும் கம்பெனி. அதில் ஸ்டோர்ஸ் இவர் பொறுப்பு. போல்ட், ஸ்பிரிங், வாஷர் என்று நாலாயிரம் சாமான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை தொங்கும். எத்தனை வந்தது, எத்தனை போனது என்று அதில் எழுத வேண்டும். நான் கேட்காமலேயே இதையெல்லாம் சொன்னார். யாரும் கேட்காமல் பல நாள் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனது. சின்ன வயசுக்காரர்களை மட்டும் கூடவே வரச் சொன்னார்கள். இவருக்கு ஐம்பத்தொன்று. செட்டில்மென்ட் கொடுத்து, கூடவே ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"சோறு ஆறாம இருக்கும். சோத்துக்கு வழிதான் தேடணும்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

நாங்கள் யாருக்கும் பயோடேட்டாவைப் புதிதாக அடிப்பதில்லை. இந்த ரோட்டில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். கடைசியாக வந்தவரின் பயோடேட்டாவைத் திறந்து, பெயரை மாற்றி, அப்பா பெயரை மாற்றி, முகவரியையும் படிப்பையும் மாற்றி, போட்டோவை வைத்துக் கொடுப்போம். மேலே இங்கிலீஷில் இரண்டு வரி இருக்கும். உண்மையாக உழைப்பேன், கம்பெனி வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்று அர்த்தமாம். அது எல்லாருக்கும் ஒன்றுதான். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கீபோர்டில் பழகியது.

அன்றைக்குக் கடைசியாகத் திறந்திருந்தது சோயா என்ற பெண்ணின் பயோடேட்டா. பி.காம். முடித்தவள், காலையில்தான் வந்து போயிருந்தாள். யேசுதாசன் சார் தன் போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை அடிக்கப் போகும் நேரத்தில் ஒருவர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு அவசரப்படுத்தினார். எழுந்து போய்விட்டு வந்தேன். நம்பரை மாற்றிவிட்டதாக நினைத்து அடுத்த வரிக்குப் போனேன். துண்டுத் தாள் குப்பைக்குப் போனது. தவறு அங்கே நடந்தது. எனக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அவரும் படித்துப் பார்த்தார். பெயர்மேல் விரலை வைத்தார். பழைய கம்பெனியின் பெயர்மேல் கொஞ்சம் அதிக நேரம் வைத்தார். "சரியா கீதும்மா, பத்து காப்பி போடுங்க" என்றார்.

அதன்பிறகு வாரா வாரம் வந்தார். ஒரகடம், சிறுசேரி, வண்டலூர் என்று பஸ் ஏறி ஏறி, ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் கொடுத்துவிட்டு வருவார். காப்பி வரும்வரை போனைக் கவுன்டரில் திரை மேலே தெரிகிற மாதிரி வைப்பார். சும்மா நிற்கமாட்டார். மேஜைக்குக் கீழே தாறுமாறாகக் கிடந்த ஏ4 கட்டுகளை, பழசு முன்னால் வருகிற மாதிரி ஒரு நாள் அடுக்கிவிட்டார். முதலாளி ஷ்யாம்சுந்தர் சார் பார்த்துவிட்டு, "யார் பண்ணது? நல்லாருக்கே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒரு தடவை காலேஜ் முடித்த பையன்கள் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். சூர்யா என்பவன் கேட்டான்.

"அங்கிள், நாங்களே நாயா அலையறோம். நீங்களும் போட்டிக்கு வந்துட்டீங்களா? ரிட்டயர் ஆகி வூட்ல குந்துற வயசாச்சே."

"உங்க அப்பாவுக்கு இன்னா வயசு?"

"அம்பத்தி மூணு."

"அவரு வூட்ல குந்திட்டாரா?"

"டூட்டிக்குப் போயிருக்காரு."

"அவர எழுந்திரிக்கச் சொல்லு, நீ போய் குந்திக்கோ. பிரச்சனை முடிஞ்சுது."

மற்ற இருவரும் சூர்யாவின் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனைப் பார்த்தார்.

முதலில் பத்து காப்பி எடுத்தவர், பிறகு ஐந்து எடுத்தார். பிறகு இரண்டு. ஆறாவது வாரம் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு, "யாருமே ஒரு போன் கூட பண்ணலம்மா. வேணாம்னு சொல்றதுக்காவது பண்ணலாம்ல?" என்றார். அதற்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை.

வந்தது சோயா. சாயங்காலம் நான்கு மணி. முதலாளி பல்லாவரம் போயிருந்தார். அவள் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, இது இங்க அடிச்சதுதானே?"

திரையில் யேசுதாசன் சாரின் பயோடேட்டா. அவர் போட்டோ, அவர் முகவரி. கீழே போன் நம்பர்.

"இது என் நம்பர்க்கா. மூணு தடவை கால் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் புது நம்பர்னதும் எனக்குத்தான்னு ஓடிப்போய் எடுக்கறேன். யேசுதாசன் சாரான்னு கேக்கறாங்க. ரெண்டு தடவை ராங் நம்பர்னு கத்திட்டு வெச்சுட்டேன். இன்னைக்கு வந்தப்பதான் எங்கருந்து பேசறீங்கன்னு கேட்டேன். வண்டலூர்ல மருந்து குடோனாம். ஸ்டோர்ஸ்க்கு ஆள் வேணுமாம். அந்தப் பேப்பர அனுப்பச் சொல்லி வாங்கிப் பாத்தா, மேல அதே ரெண்டு வரி! அப்பவே இந்தக் கடைன்னு தெரிஞ்சு போச்சு."

கம்ப்யூட்டரில் சோயாவின் பயோடேட்டாவைத் திறந்து பார்த்தேன், இரண்டிலும் ஒரே நம்பர்.

"நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூக்கா. அவருக்குச் சொல்லணும்ல?" பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு எதுனா இருக்கான்னும் கேட்டேன். இப்ப இல்லன்னுட்டாங்க" என்றாள்.

அவருடைய சரியான நம்பர் என்னிடம் இல்லை. முகவரிதான் இருந்தது. சிட்லபாக்கம் ஏரிப் பக்கம், ஒரு வீட்டின் மாடி. ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். ஆறு வருஷத்தில் வேலை நேரத்தில் நான் கடையைப் பூட்டியது அன்று ஒரு நாள்தான். "நானும் வரேன்" என்று சோயாவும் கூடவே நடந்தாள். நான் என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி கிறிஸ்டினா. உள்ளே அவர் தரையில் உட்கார்ந்து நீலச் சட்டை ஒன்றின் பட்டன்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தோளில் பட்டை வைத்த செக்யூரிட்டி சட்டை. சிறுசேரியில் ஒரு கட்டடத்துக்கு ராத்திரிக் காவல். நேரில் பார்த்தே எடுத்துக்கொண்டார்களாம், மறுநாள் சேர வேண்டும்.

"இன்னாம்மா, கடையை வுட்டுட்டு வந்துகினு?"

வழியில் தயார் செய்த எதுவும் வரவில்லை. "சார், உங்க நம்பர நான் தப்பா அடிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். மீதியை சோயா சொன்னாள்.

கிறிஸ்டினாதான் முதலில் வெடித்தார். "ஒண்ணரை மாசமா இந்த மனுஷன் போன கைல புடிச்சுகினு கெடக்காரு. குளிக்கப் போனாக்கூட, கிறிஸ்டி, போன பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போவாரு. நான் அதக் காவல் காப்பேன். இன்னாம்மா வேலை பாக்கறீங்க நீங்க?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் அதிகமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

யேசுதாசன் சார் பையிலிருந்து கடைசி காப்பியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"இருபத்தி நாலு வருஷம். ஒரு வாஷரு நம்பர் தப்பா போனதில்ல என் கைல. என் நம்பர நான் பாக்கல பாரு."

பிறகு சோயாவைப் பார்த்தார். "எத்தினி பேரு கூப்ட்டாங்கன்னு சொன்ன?"

"மூணு பேர் அங்கிள்."

"மூணு பேரா?" அவர் எழுந்து நின்றுவிட்டார். "கிறிஸ்டி, கேட்டியா? மூணு பேரு கூப்ட்டுக்கிறாங்க. என்னை யாரும் வேணான்னு சொல்லல. மூணு பேரு கூப்ட்டுக்கிறாங்கடி!"

கோபத்தோடு நின்ற கிறிஸ்டினா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். டம்ளர் சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் டீ வந்தது. எனக்கு வைத்த டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

"அப்ப இந்தச் சட்டை?" என்றார் அவர் கணவரிடம்.

"ஒரு நாள் தள்ளி வரேன்னு சொல்லிக்கலாம். அதுவும் இருக்கட்டும்" என்று சட்டையை மடித்து வைத்தார்.

அவர் முன்னாலேயே சோயாவின் போனிலிருந்து குடோனுக்குப் பேசினோம். நாளை வருகிறார் என்று சொன்னோம். சரியான நம்பரை அவரே இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் முழுக்க ஸ்டேஷன் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. செக்யூரிட்டி வேலைக்கே போய்விட்டாரோ என்று நினைத்தேன். ஷ்யாம்சுந்தர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "ஆள் எப்படி, வேலை கிடைச்சிடுமா?" என்று அவரும் கேட்டார். அதிலிருந்து பயோடேட்டா அடித்ததும் அதில் உள்ள நம்பருக்குக் கடை போனிலிருந்து அடித்துப் பார்க்கிறேன். எதிரில் நிற்பவரின் பையில் மணி அடித்தால்தான் பிரின்ட் கொடுப்பேன்.

ஐந்தாம் நாள் காலை அவர் வந்தார். பையிலிருந்து ஆதாரை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். பான் கார்டை வைத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பாஸ்புக்கை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்து வைத்தார்.

எனக்கு மெஷினை எப்படித் தட்டுவது என்றே மறந்துவிட்டது.

"சம்பளம் பழைய கம்பெனில வாங்கினதவிட கம்மிதான்" என்றார். "பெட்டி பெட்டியா மருந்து. எதுக்கும் அட்டை இல்ல. கம்ப்யூட்டர்ல கீதாம். எனக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சந்தான் வரும்னேன். ரேக்க சுத்திப் பாத்துட்டு வாங்கன்னாங்க. தேதி முடியப்போற மருந்து பின்னாடி இருந்துச்சு, புதுசு முன்னாடி இருந்துச்சு. சொன்னேன். மூணு நாள் யோசிச்சாங்க."

காப்பிகளை வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"அந்தப் பொண்ணு சோயாவோட பயோடேட்டா வெச்சிருக்கீங்கல்ல? ஒண்ணு எடுத்துக் குடுங்க. மாசக் கடைசில பில்லு போட ஆளு எடுப்பாங்கன்னு பேசிக்கினாங்க. குடுத்து வெக்கறேன். கிடைக்கும்னு சொல்லல. குடுத்து வெக்கறேன், அவ்ளோதான்."

எடுத்தேன். புது வழக்கப்படி அதில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"ஹலோ, குட் மார்னிங், சோயா பேசறேன்!"

இன்டர்வியூவுக்குப் பேசுகிற குரல். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "ஜெராக்ஸ் கடை அக்காம்மா" என்றேன். "சாருக்கு வேலை கிடைச்சிடுச்சு. உன் பயோடேட்டாவ அங்க குடுக்க எடுத்துட்டுப் போறாரு."

பிறகு சிரிப்பு கேட்டது.

"அக்கா, அதுல என் நம்பர்தானே இருக்கு?"

"உன் நம்பர்தான்" என்றேன். "அடிச்சுப் பாத்துட்டுத்தான் குடுக்கறேன்."