ஹோம்புஷில் நாங்கள் வாங்காத துவக்கு

நான் ஓ.எல். வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்ட ஒருத்தி பேனையும் கொப்பியுமாக உட்கார்ந்து, அதுவும் துவக்கைப் பற்றி எழுத வந்தால் வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளும் துவக்கு, துப்பாக்கி என்று ஒன்றும் இருந்ததில்லை. வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தோம், அவ்வளவுதான். அந்த நாட்கள் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருவதால் எழுதுகிறேன்.

அப்போது சிட்னியில், ஹோம்புஷில் இருந்தோம். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நானும் என் கணவரும் மகளும். மற்றப் பாதியில் மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி, அவருடைய மனைவி, கைக்குழந்தை. தம்பிக்குக் கம்பியூட்டர் வேலை. மனைவி பிரசவ விடுமுறையில் வீட்டில் இருந்தா. அவர்களுடைய குழந்தை தும்மினால் எங்கள் குசினியில் கேட்கும். நாங்கள் மீன் பொரித்தால் சைவக்காரரான அவர்களுக்கு மணக்கும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை. மெஷினில் சிக்கிவிடும் என்று நகை போட விடமாட்டார்கள். அதனால் காலையில் தாலிக்கொடியைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டுப் போவேன். மகள் சேர்ச்சில் முதல் நன்மை வாங்கியபோது போட்ட சங்கிலியும் அதற்குள்தான் இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அரிசிக்குள்தான் வைப்பார்கள். கள்ளர்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் நான் வேலை முடிந்து வந்தபோது பின்கதவு பிளந்து கிடந்தது. மதுரைத் தம்பியின் மனைவி அன்றைக்குக் குழந்தைக்கு ஊசி போடக் கிளினிக் போயிருந்ததால் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வேறு எதையும் அவர்கள் தொடவில்லை. நேரே குசினிக்குப் போய் வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். நிலமெல்லாம் அரிசி. பொலிசுக்குச் சொல்ல டெலிபோனை எடுக்கப் போனபோது அதை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. காலுக்குக் கீழே அது நெரிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் தனியே இருக்க என்னால் முடியவில்லை. வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கினால், ஸ்டேஷனில் உள்ள மர வாங்கிலேயே உட்கார்ந்துவிடுவேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து எழும்பி, அவளோடு சேர்ந்துதான் வீட்டுக்குள் போவேன். வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் என் கணவர் பாண் சுடுகிற ஃபாக்டரியிலிருந்து வெள்ளனவே வந்தார். சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் வாங்கில் இருந்ததைக் கண்டுவிட்டார்.

"ஏன் இஞ்ச இருக்கிறீர்?"

"சும்மா. காத்துக்கு."

"ஸ்டேஷன்ல என்ன காத்து?"

அவர் மேலே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டார். மகள் வரும்வரை இருவரும் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை அவர் டெக்சாசில் இருக்கும் தன் சித்தப்பா மகனுக்கு வீடியோ கோல் எடுத்தார். அந்த மச்சானுக்குத் துவக்கென்றால் கோயில் திருவிழா மாதிரி. விஷயத்தைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணை, முதல்ல ஆருக்கு எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கோ, அண்ணிக்கோ?"

"வீட்டில தனிய நிக்கிறது அவதானே."

"அப்ப அண்ணியை ஒருக்காக் கையைக் காட்டச் சொல்லுங்கோ."

வைத்தியரிடம் காட்டுவதுபோல் கையை விரித்துக் காட்டினேன்.

"சின்னக் கை. பெரிய பிடி உள்ளது சரிவராது. ரிவோல்வர் பாவிக்க லேசு, இடையில சிக்காது. ஆனா விசை இறுக்கம், அண்ணியால இழுக்கேலாது. ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் எடுங்கோ."

"குண்டு?"

"அதுதான் அண்ணை முக்கியம். நுனியில குழி விழுந்த குண்டு எடுக்கோணும். ஆளில பட்டா விரிஞ்சு உள்ளுக்கையே நிண்டிடும். மொட்டைக் குண்டெண்டா ஆளையும் துளைச்சு, பின்னால இருக்கிற சுவரையும் துளைச்சுக்கொண்டு போகும். உங்கட சுவர் என்ன சுவர்?"

என் கணவர் எழும்பிப் போய் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறுமையான பலகைச் சுவர். டொக் டொக் என்றது. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ டொக் டொக் என்று தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மதுரைத் தம்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்னண்ணே, கூப்பிட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னார்கள். தம்பி சுவரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"அந்தச் சுவத்துக்கு நேரா எங்க வீட்டுத் தொட்டில் இருக்குண்ணே. வாங்குறதுன்னா தயவுசெஞ்சு அந்தக் குழி விழுந்த குண்டையே வாங்குங்க. காசு பத்தலேன்னா பாதி நான் தர்றேன்."

டெலிபோனுக்குள் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா குறி தவறினா அதுவும் சுவருக்குள்ளால போகும்தான்" என்றார். தம்பி குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

கள்ளன் திரும்பி வருவான் என்பது என் ஒரு பயம். துவக்கு வீட்டுக்குள் வரும் என்பது மற்றது. இலங்கையில், சண்டைக் காலத்து மன்னாரில் துவக்கு நின்ற இடத்தையெல்லாம் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தபடி கடந்து வளர்ந்தவள் நான். இனி என் சொந்தக் குசினியிலும் அப்படி நடக்கவேண்டி வருமோ என்று நினைத்தேன். ஆனால் அவர் இவ்வளவும் செய்தது எனக்காக. அந்த வாங்கில் என்னைக் கண்ட நாளிலிருந்து அவருக்கு நித்திரை சரியாக இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் கடைக்குப் போகத் தயாரான விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து விசாவுக்கு மன்றாடிய காலத்தில், எங்கள் வழக்கறிஞர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: பயம் என்று சும்மா சொன்னால் போதாது, பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறதென்று கடதாசியோடு காட்டவேண்டும். அப்படிக் காட்டித்தான் விசா எடுத்தோம். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பொலிஸ் தந்த கடதாசி, உடைந்த கதவின் படம், நிலத்தில் கொட்டிய அரிசியின் படம் எல்லாவற்றையும் நீல ஃபைல் ஒன்றில் அடுக்கினார். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் சேர்ச் சுவாமியாரிடம் நன்னடத்தைக் கடிதமும் வாங்கினார். புது வீடு வாடகைக்கு எடுக்கப் போகிறோம் என்று நினைத்து, அமைதியான, கடவுள் பக்தியுள்ள குடும்பம் என்று சுவாமியார் எழுதிக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை அவருக்கு ஓய்வு. நானும் லீவு எடுத்தேன். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஆங்கிலம் கதைக்க மதுரைத் தம்பியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். கல்யாண வீட்டுக்குப் போடுகிற சேர்ட்டை என் கணவர் போட்டிருந்தார்.

கடை மேற்கே, டயர்க் கடைகளுக்கும் டைல்ஸ் கடைகளுக்கும் நடுவில் இருந்தது. உள்ளே எண்ணெய் மணம். கண்ணாடி அலுமாரிக்குள் பிஸ்டல்கள் வரிசையாகக் கிடந்தன. எனக்குத் தலை தானாகக் குனிந்தது. நிலத்தில் பச்சைக் கம்பளம். கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மரியாதையாகக் கதைத்தார். எந்தக் கிளப்பில் சுடுகிறீர்கள் என்று முதலில் கேட்டார். கிளப் ஒன்றும் இல்லை என்று தம்பி சொன்னார். வாங்கினால் வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. வீட்டில் பெறுமதியான பொருள் வைக்க எங்களுக்குத் தெரிந்தது ஒரே இடம்தான்.

"ரைஸ் பக்கெட்" என்றேன்.

அன்றைக்கு அந்தக் கடையில் நான் கதைத்தது அவ்வளவுதான். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். கடைக்காரர் சிரிக்கவில்லை. பிஸ்டல் என்றால் அதற்கென்று உள்ள இரும்புப் பெட்டியில் குண்டு இல்லாமல் பூட்டவேண்டும், குண்டை வேறாகப் பூட்டவேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். பிறகு, உங்களுக்கு இது எதற்கு என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தானே என் கணவர் காத்திருந்தார். ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பொலிஸ் கடதாசி, கதவு, அரிசி, கடைசியாகச் சுவாமியாரின் கடிதம். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மனைவிக்குப் பயம், வீட்டுக்குள் இருக்கிறாள் இல்லை, பாதுகாப்புக்குத்தான் என்றார். மனிதர் கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு கடதாசிகளை ஒழுங்காக அடுக்கி, ஃபைலில் போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். கிளப்பில் சேர்ந்து போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கு லைசன்ஸ் கிடைக்கும், தன்னைப் பாதுகாக்கவென்று கேட்டால் இந்த நாட்டில் அது ஒரு காரணமே இல்லை என்றார். மிளகாய் ஸ்பிரேயாவது இருக்கிறதா என்று தம்பி கேட்டார். அதுவும் கூடாதாம். பின்கதவுக்கு நல்ல பூட்டு ஒன்று போடுங்கள் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, தாலிக்கொடி போனதற்குத் தனக்குக் கவலை என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஹோம்புஷ் வந்ததும் தோசைக் கடையில் காரை நிறுத்தினோம். இலையில் சட்னியை ஊற்றிக்கொண்டே தம்பிதான் கதையைத் தொடங்கினார்.

"அண்ணே, நீங்க ஃபைலைத் திறக்காம இருந்திருந்தா, அந்தாளு கிளப்புல சேர விண்ணப்பமாவது குடுத்திருப்பாரு."

"ஓம். பயந்ததுக்கு விசா தந்த நாடு. பயந்ததுக்குத் துவக்கு தராதாம்." சொல்லிவிட்டு என் கணவரே சிரிக்கத் தொடங்கினார். களவு போன நாளிலிருந்து அவர் சிரித்ததை நான் கண்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. மூச்சுத்தான் முதலில் வந்தது, பிறகுதான் சிரிப்பு.

"இஞ்சேருங்கோ," என்றேன். "எனக்கு அது வேண்டாம். முதலே வேண்டாம்."

"அப்ப முதலே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எனக்காகத்தானே ஓடித் திரிஞ்சீங்கள்."

அவர் தோசையைப் பிய்த்தபடி இருந்தார். "அப்ப அந்த வாங்கு?" என்று கேட்டார்.

தம்பிக்கு வாங்கு விஷயம் தெரியாது. அவரிடம் சொன்னோம். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏங்கக்கா, சுவத்துக்கு இந்தப் பக்கம் நாங்க எதுக்கு இருக்கோம்? வீட்டுக்கு வந்து தட்டுங்க. அவ பதிலுக்குத் தட்டுவா. தட்டலேன்னா கொழந்தையத் தூங்க வைக்கிறான்னு அர்த்தம், அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி தட்டுங்க. திருடன் தட்டினா மட்டும் திறக்காதீங்க."

இப்போது நாங்கள் மெல்பனில், ரோவிலில், சொந்த வீட்டில் இருக்கிறோம். நாலு பக்கமும் தனிச் சுவர், செங்கல். வாசலில் யாராவது நின்றால் என் போனிலேயே தெரியும். மகள் கல்யாணம் செய்து போய்விட்டாள். அவர் ஒரு அறையில் டிவி பார்க்கிறார், நான் குசினியில் இருக்கிறேன். பயம் என்று ஒன்றும் இல்லை. அப்போது ஹோம்புஷில், களவுக்குப் பிறகு கொஞ்சக் காலம் மூன்று பேரும் ஒரே அறையில் மெத்தை போட்டுப் படுத்தோம். நடுவில் மகள், கதவுப் பக்கம் அவர். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுவது கேட்கும், அதன் தாய் தாலாட்டுவது கேட்கும். இவ்வளவு நாளில் எத்தனையோ வசதி வந்துவிட்டது. அந்த மெல்லிய சுவர் மாதிரி ஒன்று பிறகு கிடைக்கவில்லை. மதுரைத் தம்பி குடும்பமும் எப்போதோ ஊர் திரும்பிவிட்டது. டெக்சாஸ் மச்சான் மட்டும் எடுக்கும்போதெல்லாம், "அண்ணி, அரிசி வாளி சுகமோ?" என்று கேட்பார்.

துவக்குக் கடைக்குப் போன அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நான் வேலை முடிந்து ரயிலில் வந்தேன். வாங்கில் இருக்கவில்லை. வீட்டைத் திறந்து உள்ளே போய்ச் சுவரில் தட்டினேன். பதில் வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார்கள். பிறகு அரிசி கழுவி உலையில் போட்டேன். பின்னேரம் அவர் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.